ஃபெரோ, துலி, லாத்தும்: ஒரு லத்தீன் வினைச்சொல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 'சுமத்தல்' என்பதற்கான லத்தீன் வினைக்கு அகராதியில் ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாத்தும் என்று நாலு வடிவம் இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லையே, அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை. ஒரே வினைக்குள் இரண்டு வேர்கள் குடியிருக்கின்றன. ஃபெரோ (சுமக்கிறேன்), ஃபெர்ரே (சுமக்க) ஒரு வேர். கிரேக்க ஃபெரோ, சமஸ்கிருத பரதி, ஆங்கிலத்தில் சுமப்பதைச் சொல்லும் bear எல்லாம் அதன் உறவு. துலி (சுமந்தேன்), லாத்தும் (சுமப்பதற்காக) இரண்டும் 'தூக்கு, தாங்கு' என்ற வேறொரு வேர். லாத்தும் முன்பு த்லாத்தும். முதல் 'த்' உதிர்ந்துவிட்டது. பழைய லத்தீன் நாடகாசிரியர் பிளாட்டஸின் நாடகங்களில் துலி, தெதுலி என்றும் வரும். நம் துலாம் ராசிக்குப் பெயர் தந்த சமஸ்கிருத துலாவும் இந்த வேர்தான். நாலையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

கேள்வி: நிகழ்காலத்தில் எப்படித் திரியும்?

பதில்: நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்: ஃபெரோ, ஃபெர்ஸ், ஃபெர்ட், ஃபெரிமுஸ், ஃபெர்திஸ், ஃபெருன்ட். லத்தீனின் மூன்றாம் வகை வினைகளில் ரெகிஸ் (ஆள்கிறாய்), ரெகிட் (ஆள்கிறான்) என்று வரும் இகரம் இங்கே சில இடங்களில் இல்லை, அவ்வளவுதான். ஏவல் வெறும் ஃபெர்.

கேள்வி: டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்லேட் இரண்டும் ஒரே வினையா?

பதில்: ஆமாம். ஒன்று நிகழ்கால அடி, மற்றது லாத்தும். ரெஃபர், ரிலேட்டும் அப்படியே. இதற்காகத்தான் நாலையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

கேள்வி: இரும்பு என்ற ஃபெர்ரும்?

பதில்: இதிலிருந்து வந்ததல்ல.

கேள்வி: அகலம் என்ற லாத்துஸ்?

பதில்: எழுத்து ஒன்று, சொல் வேறு.

கேள்வி: தமிழின் 'பொறு'தான் ஃபெரோ ஆனது. பொருளும் ஒன்று, ஒலியும் ஒன்று. ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: நான் எதையும் மறைக்கவில்லை. ஒரு சொல் ஒத்துப்போனால் போதாது, வரிசையே ஒத்துப்போக வேண்டும். லத்தீனில் சொல்லின் முதலில் 'ஃப' வரும் இடத்தில் சமஸ்கிருதத்தில் மூச்சோடு சொல்லும் ப, ஆங்கிலத்தில் அதிரும் ப என்று பல சொற்களில் வருகிறது: ஃப்ராத்தர், ப்ராதா, பிரதர். 'பொறு'வுக்கு அப்படி ஒரு வரிசை காட்டுங்கள், பேசுவோம். அப்புறம், அதில் இருப்பது றகரம். தொல்காப்பியம் அதை க, ச, ட, த, ப-வோடு வல்லினத்தில் வைக்கிறது. லத்தீனின் 'ர' அந்த இனம் இல்லை. இன்று நம் காதுக்கு ஒன்றாகக் கேட்கிறது என்பதை வைத்துக்கொண்டு இரண்டாயிரம் வருடம் பின்னால் போக முடியாது.

கேள்வி: அப்படியானால் 'பாரம்'?

பதில்: அது வடசொல். சமஸ்கிருத பாரத்துக்கு ஃபெரோ உறவுதான். அதனால் தமிழ் தாயாகிவிடாது.

கேள்வி: 'சுமை'யும் அப்படி...

பதில்: வரிசை கேட்டேன். வரட்டும்.

கேள்வி: துலி எங்கிருந்து வந்தது, சார்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: படித்தேன். அந்த வேருக்குச் சொந்தமாக நிகழ்காலம் கிடையாதா?

பதில்: இது நல்ல கேள்வி. உண்டு: தொல்லோ, 'தூக்குகிறேன்'. துலி அதனுடையது. ஃபெரோ அதை எடுத்துக்கொண்டதும் தொல்லோவுக்கு இறந்தகாலம் இல்லாமல் போய், முன்னொட்டுச் சேர்த்த சுஸ்துலியை வைத்துச் சமாளித்தது.