ஈ ஓட்டியவர்கள்

கேள்வி: ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை விளையாட்டில் தினமும் மாட்டிக்கொள்கிறேன். கடைசி எழுத்து 'ஈ' என்று தெரியும். 'யூ' உண்டு, எந்த இடம் என்று தெரியாது. 'ஏ' கிடையாது. இப்படிக் குறிப்பிட்ட எழுத்துகள் வரும் வார்த்தைகளைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறதா?

பதில்: கடைசியில் ஈ வந்து உட்கார்ந்திருக்கிறது என்கிறீர்கள். ஆங்கிலத்தில் அது எங்கேதான் உட்காரவில்லை? அந்த மொழியில் அதிகம் மொய்க்கும் எழுத்தே அதுதான். தந்திக்குக் குறியீடு வகுத்த காலத்தில் மோர்ஸின் கூட்டாளி ஆல்ஃபிரட் வெயில் ஓர் அச்சகத்துக்குப் போய், எந்த எழுத்துக்கு எத்தனை அச்சு வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாராம். ஈ-க்கு ஒற்றைப் புள்ளி கிடைத்தது அப்படித்தான்.

அடுத்தவர் இன்னோர் ஆல்ஃபிரட். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போன கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ். நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தை விரித்துவைத்து எழுத்துகளை எண்ணினார். வேலையில்லாதவர்கள் ஈ ஓட்டுவார்கள். இவர் ஈ எண்ணினார். அந்தக் கணக்கில் பிறந்ததுதான் எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை கோக்கும் ஸ்கிராபிள் விளையாட்டு. மொத்தம் 100 கட்டைகளில் ஈ மட்டும் 12. கியூ ஒன்றே ஒன்று, அதற்கு 10 புள்ளி. எஸ் அடிக்கடி வரும் எழுத்து என்று தெரிந்தும் நாலே நாலுதான் வைத்தார். இல்லாவிட்டால் ஆளாளுக்கு எதன் பின்னாலும் எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளிகளை அள்ளிக்கொண்டு போய்விடுவார்களே. எழுத்தை மட்டுமல்ல, ஆட்களையும் எண்ணிப் பார்த்தவர்.

நிஜமாகவே ஈ ஓட்டியவர் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட். 1939-இல் வெளிவந்த அவருடைய 'கேட்ஸ்பி' நாவலில் ('தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் பணக்கார கேட்ஸ்பி வேறு, குழம்ப வேண்டாம்) 50,000 சொற்களுக்கு மேல் உண்டு, ஈ கிடையாது. தட்டச்சுப் பொறியில் அந்த எழுத்தின் கம்பியைக் கட்டிப்போட்டுவிட்டு எழுதினார். ஈ போனால் 'தி' போச்சு, 'ஹீ'யும் 'ஷீ'யும் போச்சு, இறந்தகால வினைகளில் பாதிக்கு மேல் போச்சு. இத்தனையும் துரத்தியவரால் அட்டையைக் காப்பாற்ற முடியவில்லை. எர்னஸ்டில் இரண்டு ஈ, வின்சென்டில் ஒன்று. அதே காரியத்தை 1969-இல் பிரெஞ்சில் செய்த ஜார்ஜ் பெரெக்கின் பெயரில் நாலு! பாவம், அவருக்கே மனது கேட்கவில்லையோ என்னவோ, ஓட்டிய ஈக்களையெல்லாம் 1972-இல் திரும்பக் கூப்பிட்டு, உயிரெழுத்துகளில் ஈ-யை மட்டுமே வைத்து இன்னொரு புத்தகம் எழுதினார்.

இதையெல்லாம் கேட்டு வாய் பிளக்கும் நண்பர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. பிளந்த வாயை மூடாமலே பாடிவிடக்கூடிய நூல் தமிழில் இருக்கிறது ஐயா. 17-ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் பாடிய நிரோட்டக யமக அந்தாதி. உதடு ஒட்டும் ப, ம வராது. உதடு குவியும் உ, ஊ, ஒ, ஓ வகையறாவும் வராது. அது போதாதென்று யமகம் வேறு: அடிதோறும் ஒரே எழுத்துத் தொடர் வர வேண்டும், பொருள் மட்டும் மாற வேண்டும். அதற்கும் மேல் அந்தாதி: ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வேண்டும். ரைட் ஒரு கம்பியைக் கட்டினார். இவர் தன் இரண்டு உதடுகளையும் கட்டிக்கொண்டார். பெரெக்கைத் தெரிந்த நம் இலக்கியவாதிகளில் எத்தனை பேர் இதைப் பிரித்தாவது பார்த்திருக்கிறார்கள்? பெயர் சொல்ல ஆரம்பித்தால் பக்கம் போதாது.

சரி, உங்கள் சிக்கல். எழுத்தைக் கொடுத்தால் வார்த்தையைக் கொட்டும் கருவிகள் இணையத்தில் ஏராளம். தெரியாத இடத்தில் ஒரு புள்ளியோ கேள்விக்குறியோ வைத்தால் பட்டியலே வந்து விழும். யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் வேலை செய்பவர்கள் 1970களிலிருந்து 'கிரெப்' என்ற கட்டளையால் செய்துவருவதும் இதுதான். அதைப் பார்த்து நிரப்புவதற்குத் தமிழில் ஈயடிச்சான் காப்பி என்று பெயர்.

மூளையால் தேடுவதென்றால் முதலில் காதை நம்பாதீர்கள். கடைசி ஈ பெரும்பாலும் வாயே திறக்காது. 'நர்ஸ்' என்று சொல்லிப் பார்த்தால் அங்கே ஓர் ஈ இருப்பது தெரியவா போகிறது? கண்ணால் தேடுங்கள். யூ-வை ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள். முதலிடத்தில் அங்கிள், யுனைட் என்று கொஞ்சம்தான் தேறும். இரண்டாமிடத்தில் நர்ஸ், பர்ஸ், ஜட்ஜ், க்வோட். மூன்றாமிடம் செழிப்பு: ஃப்ளூட், ப்ரூட், ப்ரூன், ட்ரூஸ். நான்காமிடத்தில் ரோக், வோக், வென்யூ.

மாட்டிக்கொள்வது மூன்றாமிடத்தில்தான். ஹவுஸ், மவுஸ், ரவுஸ், லவுஸ், டவுஸ் என்று ஒரே அச்சில் ஐந்து நிற்கும். மவுசுக்கும் ரவுசுக்கும் நடுவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் வாய்ப்புகள் தீர்ந்துபோகும். அந்த இடத்தில் ஒரு முறையைத் தியாகம் செய்து, ஹெச், எம், ஆர், டி, எல் ஆகியவற்றில் எத்தனை முடியுமோ அத்தனையும் உள்ள சம்பந்தமில்லாத வார்த்தை ஒன்றைப் போடுங்கள். விடை அதுவாக இருக்காது. ஆனால் விடை யார் என்று அது காட்டிக்கொடுக்கும். கிடைத்த எழுத்துகளை அடுத்த முயற்சியிலும் வைத்தே தீர வேண்டிய கடின முறையில் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

கடைசியாக, 'ஜி, ஆர், ஒய்' என்ற எழுத்துகளில் முடியும் ஆங்கில வார்த்தைகள் மூன்று, ஆங்ரி, ஹங்ரி தவிர மூன்றாவது எது என்று கேட்டு ஓயாமல் எழுதும் அன்பர்களுக்கு: புழக்கத்தில் மூன்றாவது இல்லை. விடாப்பிடியாக நின்றால், பெரிய அகராதிகளின் மூலையில் 'பக்ரி' இருக்கிறது. இந்தியாவிலிருந்து போன தலைப்பாகை. கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.