முதலாமாண்டில் லிபரல் ஆர்ட்ஸ் அறிமுகப் பாடத்தைக் கட்டாயமாக்குவது எதற்காக? அதில் மாணவரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

கணினி அறிவியல் படிக்கச் சேர்ந்த ஒருவரை ஏன் தத்துவமும் வரலாறும் படிக்கச் சொல்ல வேண்டும், இது நேரத்தை வீணடிக்கும் ஏற்பாடுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இப்போதுதான் முதல் செமஸ்டரில் நுழைந்திருக்கிறீர்கள் என்றும், பாடப் பட்டியலில் இதைப் பார்த்ததுமே எரிச்சல் வந்திருக்கிறது என்றும் ஊகிக்கிறேன். நான் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியை. ஆகவே என் பதிலில் சார்பு இருக்கும் என்று சிலர் சொல்லக்கூடும், சொல்லட்டும். ஆனால் ஒரு பாடத்தை உள்ளிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் சில விஷயங்கள் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுகிறேன். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் கணக்கு வராதவர்கள் ஒதுங்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். இடைக்கால ஐரோப்பியப் பள்ளிகளில் இந்தப் பெயரில் கற்பிக்கப்பட்டவை ஏழு கலைகள். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை ஆகிய மூன்றும் ஒரு பிரிவு. எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய நான்கும் மற்றொரு பிரிவு. இசையும்கூட அங்கே பாட்டுப் பயிற்சியாக இல்லாமல் எண்களின் விகிதங்களைப் பற்றிய ஆராய்ச்சியாகவே கற்பிக்கப்பட்டது. ஆக, ஏழில் நான்கு கணிதம் சார்ந்தவை. உங்கள் துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற வாதம் இங்கேயே பலவீனப்பட்டுவிடுகிறது.

நோக்கத்துக்கு வருகிறேன். 1828-இல் அமெரிக்காவின் யேல் கல்லூரி வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, கல்லூரிக் கல்வி செய்ய வேண்டிய இரண்டு வேலைகளைப் பிரித்துக் காட்டியது: மனத்தின் ஆற்றல்களைப் பழக்குவது ஒன்று, அறிவை அதில் சேர்த்து வைப்பது மற்றொன்று. இரண்டில் முதலாவதே முக்கியமானது என்றும் அது சொன்னது. அந்த அறிக்கை கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றை மையமாகக் கொண்ட பழைய செம்மொழிப் பாடத்திட்டத்தைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டது என்பதையும், அதன் முடிவுகள் எல்லாவற்றையும் இன்று ஏற்க முடியாது என்பதையும் அறிவேன். ஆனாலும் அந்தப் பிரிவினை சரியானது. முதலாம் உலகப் போரையொட்டி நடத்தப்பட்ட ஒரு வகுப்பிலிருந்து கிளைத்து, 1919-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சமகால நாகரிகம் குறித்த பொதுப்பாடம் ஒன்றைத் தொடங்கியது. எந்தத் துறைக்குப் போனாலும் எல்லா மாணவர்களும் ஒரே நூல்களைச் சிறு குழுக்களாக உட்கார்ந்து விவாதிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு அது முன்மாதிரியாயிற்று. உங்கள் கல்லூரியின் அறிமுகப் பாடமும் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததாகவே இருக்கும்.

மனத்தைப் பழக்குவது என்றால் நடைமுறையில் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்வதே சரி.

பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில் ஒரு பகுதியை வாசித்துக்கொண்டிருந்தோம். சாக்ரடீஸ், மெனோவின் அடிமைச் சிறுவன் ஒருவனை அழைத்து, இரண்டு அடிப் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைந்து காட்டுகிறார். அதன் பரப்பு நான்கு சதுர அடி. இதைப்போல் இரு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். நான்கு அடி என்கிறான் சிறுவன், பரப்பு பதினாறாகிவிடுகிறது. மூன்று அடி என்கிறான், ஒன்பதாகிறது. பிறகு தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். கடைசியில் மூலைவிட்டத்தின் மீது சதுரத்தை அமைத்தால் எட்டு வருகிறது. அந்தச் சிறுவனிடம் விடை ஏற்கெனவே இருந்தது, தான் கேள்வி மட்டுமே கேட்டதாக சாக்ரடீஸ் வாதிடுகிறார்.

பொறியியல் மாணவர் ஒருவர் உடனே, “இதில் என்ன இருக்கிறது மேடம், ரூட் எட்டு, அவ்வளவுதான்” என்றார். விடை சரி. ஆனால் கேள்வி அதுவல்லவே. சிறுவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்ததா என்பதுதான் கேள்வி. அதுவரை அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, சிறுவன் தானாகச் சொன்ன இரண்டு விடைகளும் தவறு என்றும், சரியான கோட்டை வரைந்தவரும் அதற்கு மூலைவிட்டம் என்ற பெயரைத் தந்தவரும் சாக்ரடீஸ்தான் என்றும் சொன்னார். இன்னொருவர், எஜமானன் அருகில் நிற்கும்போது ஓர் அடிமையால் ‘ஆமாம்’ என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும் என்று கேட்டார். எனக்கு மெய்சிலிர்த்தது. வாசிப்பவரின் மனச்சாட்சி எழுப்புகிற கேள்வி அது. ஆனால் பொறியியல் மாணவர் விடவில்லை. பக்கங்களைப் புரட்டி, பதினாறு என்பது இரு மடங்கா என்று கேட்கப்படும் இடத்தில் சிறுவன் ‘சத்தியமாக இல்லை’ என்று சொல்லி, நான்கு மடங்கு என்று தானே திருத்துவதைக் காட்டினார். சரியான விடை சாக்ரடீஸிடமிருந்து வந்திருக்கலாம், ஆனால் தவறைத் தவறு என்று கண்டது சிறுவன்தான் என்பது அவர் வாதம்.

மணி அடித்த பிறகும் அவர்கள் கலையவில்லை. ஒருவர் சொன்னதை அடுத்தவர் கேட்டு, நூலின் வரிக்குத் திரும்பிப் போய், அதிலிருந்து மறுத்து, மறுக்கப்பட்டவர் தன் கருத்தை இன்னும் துல்லியமாக்கிக்கொண்டு திரும்பி வந்தார். இதுதான் நான் சொல்லும் பழக்கம். நிரல் எழுதுகிறவருக்கும் மருந்து எழுதுகிறவருக்கும் இது தேவை. சரியான விடையை வைத்திருப்பதும், அது ஏன் சரி என்று இன்னொருவருக்கு முன்னால் நிறுவுவதும் வெவ்வேறு திறமைகள்.

இந்தக் கல்வி ஒரு காலத்தில் சுதந்திரக் குடிமக்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது, அடிமைகளும் பெண்களும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று சிலர் இங்கே குறிப்பிடுவார்கள். உண்மை. அந்தச் சிறுவனுக்கு உரையாடலில் பெயர்கூடக் கிடையாது. அதை வகுப்பில் மறைப்பதில்லை. அதையும் கேள்விக்கு உள்ளாக்குவதே பாடத்தின் பகுதி. இந்தப் பாடம் படித்தால் வேலை கிடைக்கும் என்றும் நான் சொல்லவில்லை. அப்படி விளம்பரம் செய்கிறவர்களை நம்பவும் வேண்டாம்.

எதிர்பார்ப்பு என்ன என்றால், முதலாவது, வகுப்புக்கு வருமுன் படித்துவிட்டு வருவது. இணையத்தில் கிடைக்கும் சுருக்கத்தை அல்ல, மூலத்தை. கடினமான பகுதியை இரண்டாம் முறை பென்சிலுடன் படியுங்கள். எந்த வரியில் இடறினீர்களோ அதுவே உங்கள் கேள்வி. ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்பது வகுப்பில் செல்லுபடியாகாது. எந்த வரி, எந்த வாதம், ஏன் என்று சொல்ல வேண்டும். கட்டுரையில் ஆசிரியரின் கருத்தோடு ஒத்துப்போனால் மதிப்பெண் கூடும் என்ற வதந்தியை நம்பாதீர்கள். என் நிலைப்பாட்டுக்கு நேர் எதிராக எழுதிய கட்டுரைகளுக்கு வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் எதிர்வாதத்தின் மிக வலுவான வடிவத்தை எடுத்துக்கொண்டு அவை பதில் சொல்லின. ஏஐ எழுதித் தரும் கட்டுரையைச் சமர்ப்பிப்பவர்களைப் பற்றி என் வருத்தம் ஒழுக்கம் சார்ந்தது மட்டுமல்ல. எந்தப் பயிற்சிக்காக அந்த அசைன்மென்ட் கொடுக்கப்பட்டதோ அந்தப் பயிற்சியையே அவர்கள் வேறொன்றிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள்.

ஒரு மனக்குறையையும் சொல்லத்தான் வேண்டும். முன்பு நான் பணிபுரிந்த ஒரு கல்லூரியில் இந்தப் பாடத்தைப் பெரிய அரங்கில் விரிவுரையாக மாற்றி, யாருக்கு வகுப்பு குறைவாக இருக்கிறதோ அவரிடம் ஒப்படைத்து, இறுதியில் ஏழு கலைகளின் பெயர்களை எழுதச் சொல்லித் தேர்வு வைத்தார்கள். ஒருவர் வாயைத் திறக்காமலேயே முழு மதிப்பெண் வாங்கலாம். அங்கே படித்த மாணவர்கள் இதை வெட்டிப் பாடம் என்று சொன்னால் அவர்கள் மீது எனக்குக் கோபமே இல்லை. அவர்களுக்குத் தரப்பட்டது அப்படித்தான் இருந்தது. உங்கள் எரிச்சலுக்கும் இதுதான் காரணமாக இருக்குமோ என்று சந்தேகிக்கிறேன்.

ஆகவே பாடத்திட்டத் தாளில் முதலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: கலந்துரையாடலுக்கென்று சிறிய பிரிவுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றனவா, கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுத வாய்ப்பு தருகிறார்களா. இருந்தால் முதல் வாரத்திலேயே பேசத் தொடங்கிவிடுங்கள். தள்ளிப்போடப் போட வாய் திறப்பது கடினமாகும். இல்லையென்றால், உங்களைப்போன்ற நான்கைந்து பேர் சேர்ந்து ஆசிரியரிடம் அதைக் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மாணவர்கள் கேட்பதற்காகவே காத்திருக்கிறார்கள்.