அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளின் வயதை எப்படிக் கணித்தார்கள்?

கார்பன் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளைத் தாண்டாது என்னும்போது, அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டுகள் என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணூரில் வசிக்கும் எனக்கு இது அயலூர்ச் செய்தியன்று. எங்கள் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றின் வடிநிலத்தில்தான் அந்த ஊரும் இருக்கிறது.

விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுவதால் தெறிக்கும் நியூட்ரான்கள், வெட்டவெளியில் கிடக்கும் கல்லிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமத்துக்குள் புகுந்து, ஆக்சிஜன் அணுக்கருவை உடைத்துப் பெரிலியம்-10ஐயும், சிலிக்கான் அணுக்கருவை உடைத்து அலுமினியம்-26ஐயும் உண்டாக்குகின்றன. இவ்விரண்டும் தாமாகவே மெல்லச் சிதையும் கதிரியக்க அணுக்கள். ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்குச் சில பெரிலியம் அணுக்களே சேரும். அலுமினியம் அதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. கல் வெளியில் கிடந்த காலம் கூடினாலும் குறைந்தாலும் இந்த விகிதம் அவ்வளவாக மாறுவதில்லை. இந்த முறைக்கு உயிர்நாடியே அதுதான்.

கல் பல மீட்டர் ஆழத்தில் புதைந்துவிட்டால் கதிர்கள் எட்டாமல் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோகிறது, சிதைவு மட்டும் தொடர்கிறது. அலுமினியம்-26 பாதியாக ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளும், பெரிலியம்-10 பாதியாக 14 லட்சம் ஆண்டுகளும் ஆகும். ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் கரைவதால், ஏழாக இருந்த விகிதம் ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகளில் மூன்றரைக்கு இறங்கிவிடும்.

அளப்பதற்குக் கல்லைப் பொடியாக்கி, மழைநீரோடு வந்து ஒட்டிய பெரிலியம் போகும்வரை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். எஞ்சிய தூய குவார்ட்ஸைக் கரைத்துப் பிரித்தெடுத்த அவ்விரு வகை அணுக்களை, துகள் முடுக்கியோடு இணைந்த நிறைமானியில் (அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும் கருவியில்) எண்ணுகிறார்கள். வயதை அறிய, ஆதிமனிதர் கைபட்ட கல்லையே பொடிக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தந்தான். ஆயினும் வேறு வழியில்லை.

தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர், குவார்ட்ஸ் நிறைந்த குவார்ட்சைட் பாறையாலான ஆறு கருவிகளை இவ்வாறு ஆராய்ந்து, சராசரியாக 15.1 லட்சம் ஆண்டுகள், 70,000 ஆண்டுகள் கூடலாம் அல்லது குறையலாம் என்று 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். இது கல் புதைந்த காலமே தவிர, செதுக்கப்பட்ட காலம் அன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கருவியாகுமுன் அதே கல் வேறெங்கோ நெடுங்காலம் புதைந்து கிடந்திருந்தால் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். அதனால்தான் அதே மண்ணடுக்குகளில் பதிந்துள்ள பழைய காந்தத் திசையையும் தனியே அளந்தார்கள். பூமியின் காந்தப்புலம் தலைகீழாகத் திரும்பிய காலங்கள் தெரிந்தவை என்பதால், அத்திசையை வைத்தும் காலத்தைக் கணிக்கலாம். அந்த அளவீட்டின்படியும் அவை 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை.