காய்ச்சலுக்கு லீவு சொன்னேன், கணக்கை முடித்துக்கொள் என்கிறார்கள். வேலை போய்விடுமா?

கேள்வி: மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மூன்று வருடமாக சேல்ஸில் இருக்கிறேன். சம்பளம் 14,000 ரூபாய், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். திங்கள்கிழமை இரவிலிருந்து கடும் காய்ச்சல், ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்துவிட்டது, டாக்டர் ஒரு வாரம் ஓய்வில் இருக்கச் சொல்கிறார். சூப்பர்வைசருக்குப் போன் செய்து சொன்னேன். "தீபாவளி சீசனில் லீவெல்லாம் கிடையாது, வியாழக்கிழமை வரவில்லை என்றால் கணக்கை முடித்துக்கொள்" என்று சொல்லி வைத்துவிட்டார். காய்ச்சலைவிட இந்தப் பயம்தான் தூங்கவிடாமல் செய்கிறது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடட்டுமா?

பதில்: போகாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் உண்மையில் ஆபத்தான நேரம், உடம்பு தேறிவிட்டது போலத் தோன்றும்போதுதான் ரத்த அழுத்தம் இறங்குவதும் ரத்தக்கசிவும் வரும். அந்த நாளில் பத்து மணி நேரம் கவுண்டரில் நின்றுகொண்டிருப்பது உயிரோடு விளையாடுவது. எந்தச் சம்பளமும் அதற்கு ஈடாகாது.

அடுத்து வேலை. ஒரு சூப்பர்வைசர் போனில் "கணக்கை முடித்துக்கொள்" என்று சொன்னதால் மூன்று வருட வேலை சட்டப்படி முடிந்துவிடாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-வது பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளமோ கொடுக்காமலும் நீக்கக் கூடாது என்கிறது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டுமென்றால் விசாரணை நடத்தி அதைச் சாட்சியத்தோடு நிரூபித்திருக்க வேண்டும். டெங்கு வந்து படுத்திருப்பது ஒழுங்கீனம் ஆகாது. இதே சட்டத்தின் 25-வது பிரிவில் உடல்நலக் குறைவுக்காகவே வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறது, அது போக தற்செயல் விடுப்பு 12 நாள். சீசன் நேரத்தில் இது கிடையாது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் இத்தனை பேருக்கு வேலை போகிறது? என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேலை போனது லீவு போட்டதால் அல்ல. லீவு சொன்னதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லாததால்தான், இல்லையென்றால் பயத்திலும் கோபத்திலும் ராஜினாமா எழுதிக் கொடுத்ததால். நீங்கள் போனில் சொல்லியிருக்கிறீர்கள், சரி. ஆனால் நாளைக்கு "சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்" என்று கடை சொன்னால் அந்த போனில் பேசியது எதையும் காட்ட முடியாது, உங்கள் நம்பரிலிருந்து ஒரு அழைப்பு போனது என்பதைத் தவிர.

அதனால் இதைப் படித்த கையோடு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். சூப்பர்வைசருக்கு மட்டும் அல்ல, ஹெச்.ஆர். அல்லது மேனேஜருக்கும். வாதம் வேண்டாம், கெஞ்சல் வேண்டாம், அவர் திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: "எனக்கு டெங்கு காய்ச்சல் உறுதியாகியுள்ளது. டாக்டர் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார். இதை இந்தத் தேதியிலேயே போனில் சூப்பர்வைசரிடம் தெரிவித்தேன். ரத்தப் பரிசோதனை முடிவும் டாக்டர் சீட்டும் இணைத்துள்ளேன். குணமானதும் வேலைக்கு வந்துவிடுவேன்." தேதிகளை எண்ணில் போடுங்கள், எந்தச் சூப்பர்வைசர் என்று பெயரையும் எழுதுங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், வேலையை விட்டுப் போகும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பதற்கு அதுதான் ஆதாரம். அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். ஓய்வு நீண்டால் பழைய தேதி முடிவதற்கு முன்பே புதுத் தேதியைச் சொல்லி இன்னொரு செய்தி போக வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவது செய்தியில்தான்.

இ.எஸ்.ஐ. பற்றி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி 3.25 சதவீதம் சேர்த்துக் கட்டுகிறார். பணம் மாதாமாதம் போகிறது, ஆனால் படுத்த படுக்கையாக இருக்கும்போது தனியார் கிளினிக்கில் செலவழித்துவிட்டு இ.எஸ்.ஐ. பக்கமே போகாதவர்கள்தான் அதிகம். நடக்க முடிந்தால் உங்களுக்கு ஒதுக்கிய இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு இப்போதே போய், ஏற்கனவே எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி, வேலை செய்ய இயலாது என்ற சான்றிதழ் வாங்குங்கள். எல்லாம் முடிந்த பிறகு போய்ப் பின்தேதியில் கேட்டால் அங்கே உள்ள டாக்டர் தர மாட்டார், தரவும் கூடாது. இதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது உங்களுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், வருடத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. உங்கள் சம்பளத்துக்கு நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 325 ரூபாய், ஒரு வாரம் படுத்தால் ஐந்து நாள் கணக்காகும். கடையில் சம்பளத்தோடு விடுப்பு எடுத்த நாளுக்கு இந்தப் பணம் கேட்க முடியாது, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். ஆனால் பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சான்றிதழ். தனியார் டாக்டர் சீட்டைக் "காசு கொடுத்து வாங்கியது" என்று சொல்லித் தள்ளும் முதலாளி, இ.எஸ்.ஐ. சான்றிதழை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது.

இப்போது நீங்கள் பயப்படும் அந்த நாளுக்கு வருவோம். குணமாகி, வேலைக்குப் போகத் தகுதி என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போகிறீர்கள். உங்கள் பெயர் வருகைப் பதிவில் இல்லை, விரல் வைத்தால் மெஷின் ஏற்கவில்லை, செக்யூரிட்டி "உங்களை உள்ளே விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்கிறார். இந்த இடத்தில் அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பி, பத்து நாள் யோசித்துவிட்டு அப்புறம் வருகிறவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள், ஏனென்றால் அந்தப் பத்து நாளும் "வேலைக்கு வராத நாள்" கணக்கில் ஏறிவிடும். வாசலில் நிற்கும்போதே மேனேஜருக்கு வாட்ஸ்அப் போடுங்கள்: இன்று இந்த நேரத்துக்கு வேலைக்கு வந்தேன், உள்ளே அனுமதிக்கவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். அன்றைக்கே இதையே கடிதமாக எழுதிக் கடை முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். (பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, தபால் அலுவலகத்தில் ரிஜிஸ்டர் தபால் எங்கே என்று தேட வேண்டாம்.) ரசீதும் கடிதத்தின் நகலும் உங்களிடம் இருக்கட்டும்.

இதே கதை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டி.கே. யாதவ் என்ற தொழிலாளி, ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம். எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் வரவில்லை, எங்கள் நிலையாணைப்படி (நிறுவனத்தின் வேலை விதிகள்) வேலை தானாகப் போய்விட்டது என்றது நிறுவனம். நான் வந்தேன், கேட்டிலேயே தடுத்தார்கள் என்றார் அவர். விசாரணை நடத்தி அவர் தரப்பைக் கேட்காமல் வேலையைப் பறித்தது தவறு என்று 1993-இல் தீர்ப்பு வந்தது, பாதிச் சம்பள பாக்கியோடு அவரை மீண்டும் வேலைக்கு எடுக்கச் சொன்னது நீதிமன்றம். ஆனால் அவர் தடுக்கப்பட்டது 1980-இல். பதிமூன்று வருடம் என்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காலம். அதனால்தான் வழக்குக்குப் போகும் நிலை வராமலேயே பார்த்துக்கொள்ளும் காகிதங்களைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன். 2012-இல் கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், வேலைக்கு வராதது வேண்டுமென்றே செய்ததா என்று பார்க்க வேண்டும், நோய், விபத்து, மருத்துவமனையில் சேர்ந்தது போன்ற காரணத்தால் வர முடியாததை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ள முடியாது என்றது. அது அரசு ஊழியர் வழக்குதான், ஆனாலும் கடையிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தால் பதிலில் இந்த வாதம் உதவும்.

மெமோ வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கிய தேதியைப் போட்டுக் கையெழுத்திடுங்கள், அதில் குறித்த கெடுவுக்குள் பதில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து கேளுங்கள். "நான் செய்தது தவறு, மன்னிக்கவும்" என்று எழுதச் சொல்வார்கள், எழுதிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்பார்கள். எழுதாதீர்கள். உடம்பு சரியில்லாமல் போனதற்கு மன்னிப்பு எதற்கு?

அதைவிட ஆபத்தானது ராஜினாமா. மேனேஜர் அறையில் உட்கார வைத்து, "நீக்கினால் உனக்குத்தான் கெட்ட பெயர், நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் அனுபவச் சான்றிதழும் பாக்கிச் சம்பளமும் உடனே தருகிறோம்" என்று அன்பாகவே பேசுவார்கள். ராஜினாமா எழுதிவிட்டால் நீங்களாக விலகியவர் ஆகிவிடுவீர்கள், மேலே சொன்ன 41-வது பிரிவு உங்கள் கையை விட்டுப் போய்விடும், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத்தாளில் கட்டாயம் கூடாது. "வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். பாக்கிச் சம்பளத்துக்காக அவசரப்படவும் தேவையில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் சரி, நீங்களே விலகினாலும் சரி, இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். அது அவர்கள் காட்டும் சலுகை அல்ல.

இவ்வளவுக்கும் பிறகு நீக்கியே விட்டால், உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 41-வது பிரிவின் கீழ் தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். உத்தரவே தராமல் வாயால் மட்டும் போகச் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம், அதே 30 நாளை உங்கள் கெடுவாக வைத்துக்கொண்டு போங்கள். மேனேஜர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆறு மாதம் முடியாதவர்களுக்கு 41-வது பிரிவின் பாதுகாப்பு கிடையாது. உங்களுக்கு இரண்டு தடையும் இல்லை. மூன்று வருடம் வேலை பார்த்ததற்கு ஆதாரமாக இ.எஸ்.ஐ. கணக்கு, பி.எஃப். பிடித்திருந்தால் அந்தப் பாஸ்புக், வங்கியில் சம்பளம் ஏறிய பக்கங்கள், அடையாள அட்டையின் இரண்டு பக்கப் படம் இவற்றை இப்போதே போனில் சேர்த்து வையுங்கள், வெளியே அனுப்பிய பிறகு அடையாள அட்டையைத்தான் முதலில் பிடுங்கிக்கொள்வார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். 1987-ஆம் வருட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம், 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். இப்போதைக்கு நிறைய நீர் குடியுங்கள், டாக்டர் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுங்கள், அந்த முடிவையும் ஹெச்.ஆருக்கு அனுப்பி வையுங்கள்.