புது கம்ப்யூட்டர் செட் பண்ண ஒரு நாள் ஆகுமா?

"விண்டோஸ் போட அரை மணி நேரம்தானே, சர்வீஸ்காரர் ஒரு நாள் கூலி கேட்கிறாரே, ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன ஆபீஸ், பழைய கம்ப்யூட்டரை மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் சப்போர்ட்டை நிறுத்திய பிறகு எனக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வேலைதான்.

விண்டோஸ் அரை மணிதான், பல மெஷின் அதோடேயே வருகிறது. பழையதில் ஓடியதெல்லாம் புதியதிலும் அப்படியே ஓட வேண்டும், அதற்குத்தான் நேரம்.

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியின் லைசென்ஸைப் பழையதில் சரண்டர் செய்து விடுவித்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்தேன். டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் டோக்கனை, பென்டிரைவ் மாதிரியானது, செருகினால் விளக்கு எரிகிறது, ஜிஎஸ்டி தளத்தில் சர்டிபிகேட் வரவில்லை. டோக்கனைக் கம்ப்யூட்டர் அடையாளம் காண டிரைவர் தனி, தளத்தில் கையெழுத்துப் போட எம்சைனர் என்ற சாஃப்ட்வேர் தனி, இரண்டையும் போட வேண்டும். அப்புறம் எம்எஸ் ஆபீஸ் கணக்கு, வேலையை விட்டுப் போன பையனின் செல் நம்பரில் இருந்தது. அவரைப் பிடித்து ஓடிபி வாங்குவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. கிளம்பும்போது டைப்பிஸ்ட் அக்கா கூப்பிட்டார். பழைய தமிழ்க் கடிதங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிந்தன. இன்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தெரிய வைக்கும் யூனிகோடு முறைக்கு முந்திய, வானவில் என்ற எழுத்துருவில் அடித்தவை. பழைய மெஷினிலிருந்து அந்த ஃபான்டை எடுத்துப் போட்ட பிறகுதான் "ஐயா, வணக்கம்" என்று வரி தெரிந்தது.

நேரத்தை இழுக்கிறவர்களே இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளை படிக்க வாங்கிய லேப்டாப்புக்கு ஒரு நாள் கேட்டால் தாராளமாகச் சந்தேகப்படுங்கள். எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையத்தில், வைத்தால் போச்சே என்று சிலர் வருவீர்கள். வைத்திருக்கிறவர்களுக்குச் சரி. நான் போகிற இடங்களில் பத்து வருடக் கணக்கு அந்தக் கம்ப்யூட்டரின் டி டிரைவில்தான் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏசிக்கும் கண்ணாடிக் கதவுக்கும் லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள், சாஃப்ட்வேருக்கு மட்டும் "கிராக் போட்டுக் கொடுங்க தம்பி" என்கிறார்கள், அதாவது காசு கொடுக்காத திருட்டு நகல். மாட்டேன் என்றால் அடுத்த முறை வேறு ஆள். அதோடு வைரஸ் வந்து ஃபைல் எல்லாம் பூட்டிக்கொண்டால் மட்டும் ராத்திரி எனக்குத்தான் போன். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

உங்கள் ஆளிடம் என்னென்ன வேலை என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கூலி நியாயமா என்று அப்போது தெரிந்துவிடும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் எடுக்க வேண்டும், அதனால் பழைய கம்ப்யூட்டரை ஒரு மாதமாவது ஃபார்மட் செய்து அழிக்க விடாதீர்கள்.