ஸ்பீட் கன் காட்டிய எண் மட்டும் போதுமா?

கேள்வி: சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் காரில் சென்றபோது, தொலைவில் ஒரு காவலர் வண்டிகளின் வேகத்தை அளக்கும் ஸ்பீட் கன்னுடன் நிற்பதைப் பார்த்தேன். என் ஸ்பீடோமீட்டர் 65 காட்டியது. அப்போது வலப்பக்கம் ஒரு கார் என்னை வேகமாக முந்திச் சென்றது. மறுநாள் இ-சலான் வந்தது: 60 கி.மீ. எல்லையில் 82 கி.மீ. வேகமாம். சில மாதங்களுக்கு முன் இதே குற்றத்துக்கு ஒரு முறை அபராதம் கட்டிவிட்டேன். இதையும் கட்டித் தலைமுழுகிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். இம்முறை பணத்தைவிட உங்கள் ஓட்டுநர் உரிமத்துக்குத்தான் ஆபத்து அதிகம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவின்படி, கார் போன்ற இலகு ரக வாகனத்துக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. இரண்டாம் முறை அதே குற்றம் என்றால் உரிமத்தைக் கைப்பற்றி, தகுதி நீக்க நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பலாம். முன்பு சமரசத் தொகை, அதாவது வழக்கில்லாமல் முடித்துக்கொள்ளும் அபராதம், கட்டியதோடு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படியில்லை. 200-ஆவது பிரிவின்படி, சமரசமாக முடித்த குற்றமும் முந்தைய குற்றமாகவே எண்ணப்படும். அதனால்தான் இந்தச் சலானை நீங்கள் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

கையில் பிடிக்கும் ஸ்பீட் கன் கருவிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ரேடார் கருவி அனுப்பும் ரேடியோ அலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து வேகம் கணக்கிடப்படுகிறது. அந்தக் கற்றை அகலமானது. தூரம் கூடக் கூட, பக்கத்து வண்டிகளும் அதற்குள் வந்துவிடும். லேசர் கருவி அடுத்தடுத்து ஒளித்துடிப்புகளை அனுப்பி, வண்டிக்கும் தனக்கும் உள்ள தூரம் எப்படிக் குறைகிறது என்று அளக்கிறது. இதன் கற்றை மிகக் குறுகியது. 300 மீட்டர் தூரத்திலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம்தான் இருக்கும். அதனால் ஒரே ஒரு வண்டியைக் குறிவைக்க முடியும். ஆனால் குறி பிசகினால் பக்கத்து வண்டியின் வேகம் உங்கள் பெயரில் பதிவாகலாம். கை அசைந்து ஒளிப்புள்ளி வண்டியின் உடலில் நகர்ந்தாலும் அளவு பிழையாகலாம். சாலையோரத்தில் சாய்கோணத்தில் நின்று அளப்பதால் வேகம் கூடிவிட்டது என்று சிலர் வாதாடுவார்கள். அது எடுபடாது, நிலையாக நின்று அளக்கும்போது அந்தக் கோணம் உண்மை வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும்.

உங்களை ஒரு கார் முந்தியது என்கிறீர்கள். உங்கள் வழக்கின் உயிர்நாடி அதுதான். சலானோடு இணைந்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குறிவைப்புச் சின்னம் உங்கள் வண்டியின் மேல் இருக்கிறதா, முந்திய வண்டியின் மேல் இருக்கிறதா? படத்தில் அந்த இன்னொரு கார் தெரிகிறதா? தூரம் எத்தனை மீட்டர் என்று பதிவாகியிருக்கிறதா? உங்கள் காரில் டேஷ் கேமரா இருந்தால் அந்தப் பதிவை இன்றே தனியாகச் சேமித்து வையுங்கள். பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும்.

ஸ்பீடோமீட்டர் 65 காட்டியது என்பது உங்கள் வாய்மொழி மட்டுமே. அதை நம்பினாலும் நீங்கள் 60-ஐத் தாண்டியிருக்கலாம் என்பதையே அது சொல்கிறது. ஆகவே நீதிமன்றத்தில் “நான் எல்லையை மீறவே இல்லை” என்று சொல்லாதீர்கள். 82 என்பது உங்கள் வண்டியின் வேகம்தானா என்பதை மட்டும் கேளுங்கள். உண்மையை மறைத்து வாதாட நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. வேகத்தால் கணவனையும் பிள்ளையையும் இழந்த குடும்பங்கள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காத்து நிற்பதை அன்றாடம் பார்க்கிறவன் நான்.

இனி ஆவணங்கள். ஒரே சாட்சி, “அவர் வேகமாகப் போனதாக எனக்குத் தோன்றியது” என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. அந்தக் கருத்துக்கு இயந்திர அல்லது மின்னணுக் கருவியின் அளவு அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது 183(3). கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி சொல்கிறது. ஸ்பீட் கன்னும் அதில் அடங்கும். கருவி துல்லியமாக இயங்குகிறது என்று மாநில அரசு நியமித்த அதிகாரி தரும் சான்றிதழ் வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு உள்ள பகுதிக்கு முன் எச்சரிக்கைப் பலகை வேண்டும். சலானில் குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம் ஆகியவை இருக்க வேண்டும். மின்னணுப் பதிவுக்கான சான்றும் வேண்டும். இன்று அது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63(4) பிரிவின்படி தரப்பட வேண்டியது.

என் அனுபவத்தில் பலரும் கேட்கத் தவறுவது அந்த ஆண்டுச் சான்றிதழைத்தான். கருவியின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, அந்த நாளில் செல்லுபடியான சான்றிதழின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகலாம். அதற்காகக் காத்திருந்து சலானில் குறிப்பிட்ட கெடுவைத் தவறவிடாதீர்கள். ஆட்சேபணையை முதலில் பதிவுசெய்துவிடுங்கள். சலான் இணையவழியில் இயங்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், பணம் கட்டும் வாய்ப்புக்குப் பக்கத்திலேயே வழக்காட விரும்புவதாகத் தெரிவிக்கும் வாய்ப்பும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும்.

படத்தில் குறி உங்கள் காரின் மேல் தெளிவாக விழுந்து, பக்கத்தில் வேறு வண்டியும் இல்லாமல், சான்றிதழும் சரியாக இருந்தால் வழக்காடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அப்போது அபராதத்தைக் கட்டிவிட்டு, உரிமம் குறித்த நோட்டீஸ் வந்தால் நேரில் சென்று விளக்கம் கொடுங்கள். தகுதி நீக்க உத்தரவிடுவதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது.