எரு போட்டும் கரிமம் ஏறவில்லையே: மண் பற்றிய கேள்வி பதில்

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான், இப்போது கொஞ்சம் சொந்த நிலமும் பார்க்கிறேன். மண்ணின் அங்ககக் கரிமம் (மக்கிய இலைதழை, வேர், சாணம் வழியாக மண்ணில் சேரும் கார்பன்) பற்றிக் கேட்டிருந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். விட்டுப்போனது இருந்தால் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி (தாராபுரம் பக்கம், செம்மண், கிணற்றுப் பாசனம்): அக்கா, மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.32 சதவீதம், குறைவு என்று போட்டிருக்கிறார்கள். எத்தனை டன் எரு அடித்தால் 0.75க்கு வரும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் தம்பி. ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 900 டன். அப்படியானால் 0.1 சதவீதம் ஏற 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். போடுவது கணக்கில்லை, தங்குவதுதான் கணக்கு. நீங்கள் கேட்பது 0.43 ஏற்றம், அதாவது கிட்டத்தட்ட 4 டன் கரிமம்.

ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர். மிச்சத்தில் மண்ணும் சாம்பலும் போக, கரிமம் 600 கிலோ தேறினால் நல்ல எரு. நம் ஊர் வெயிலுக்கு நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியைத் தின்று ஒரு வருடத்துக்குள் கரியமில வாயுவாக விட்டுவிடும், ஆறில் ஒரு பங்கு நின்றாலே பெரிது. போதாக்குறைக்கு, ஏற்கெனவே மண்ணில் இருக்கும் கரிமமும் வருடா வருடம் கொஞ்சம் கரைந்துகொண்டே போகும். அதனால் எருவை மட்டும் நம்பி 0.75க்குப் போக உங்கள் ஆயுசு போதாது என்றுதான் சொல்வேன். அதோடு செம்மண்ணில் களி (களிமண் துகள்) குறைவு. கரிமத்தை ஒட்டிப்பிடித்து நுண்ணுயிர்களிடமிருந்து காப்பாற்றுவது களிதான், ஆகவே பக்கத்து ஊர்க் கரிசலின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடவே வேண்டாம். 0.5ஐக் குறி வையுங்கள்.

எருவோடு வேரையும் கூட்டுங்கள். வேரிலிருந்து வரும் கரிமம் மேலே கொட்டும் எருவைவிடக் கூடுதலாகத் தங்குகிறது. நிலம் சும்மா கிடக்கும் மாதங்களில் சணப்போ, கொழுஞ்சியோ, பலதானியமோ ஏதாவது ஒன்று நிற்கட்டும். கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909லிருந்து ஒரே நிலத்தில் ஒரு நிரந்தர உரப் பரிசோதனை நடந்துவருகிறது. அங்கேயும் தொழு உரமும் சமச்சீரான ரசாயன உரமும் சேர்ந்து விழுந்த பாத்திகள்தான் கரிமத்தில் முன்னே நிற்கின்றன. ரசாயன உரம் போட்டாலே கரிமம் செத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவதை அப்படியே நம்பாதீர்கள். பயிர் நன்றாக வளர்ந்தால் வேரும் தாளும் கூடத்தான் செய்யும். தனி யூரியாவை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தால்தான் பிரச்சினை.

கேள்வி: ஜீவாமிர்தம் தொடர்ந்து விட்டால் கரிமம் ஏறும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உண்மையா மேடம்?

ஏக்கருக்கு 200 லிட்டர். அதில் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ. எல்லாவற்றையும் கூட்டினாலும் கரிமம் மூன்று கிலோ தாண்டாது. மேலே சொன்ன 900 கிலோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுண்ணுயிர்களை உசுப்பிவிட அது உதவும் என்று அனுபவத்தில் பலர் சொல்கிறார்கள், விடுவதில் எனக்கு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் உசுப்பிவிட்ட உயிர்களுக்குத் தின்ன மூடாக்கு (மண்ணை மூடிப் பரப்பும் தாளும் தழையும்) எங்கே? அதைப் போடாமல் ஜீவாமிர்தம் மட்டும் விடுவது, அரிசி வாங்காமல் உலை வைப்பது போல.

கேள்வி (மன்னார்குடி): சம்பா அறுத்ததும் வைக்கோலைக் கட்டு கட்டி விற்றுவிடுகிறோம். மடக்கி உழுதால் நல்லதா? மீத்தேன் வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.

மடக்குவது நல்லது என்பதும் சரி, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வரும் என்பதும் சரிதான். பச்சை வைக்கோலை மடக்கிய கையோடு தண்ணீர் கட்டினால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் நிறைய வரும். நடவுக்கு ஒரு மாதத்துக்கு முன்னாலேயே, நிலம் காய்ச்சலாக இருக்கும்போது மடக்கிவிட்டால் பாதி மக்கல் காற்றோட்டத்தில் நடந்து முடிந்துவிடும், மீத்தேன் வெகுவாகக் குறையும். கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப் பயிர்) விதைத்துப் பூக்கும் தறுவாயில், 45 நாள் வாக்கில், மடக்குவது இதைவிட எளிது, தழைச்சத்தும் கிடைக்கும்.

மாடு வைத்திருந்தால் வைக்கோல் மாட்டுக்குப் போகட்டும், சாணமாகத் திரும்பி வரும். லாரியில் வெளியூர் போகும் வைக்கோல்தான் நஷ்டம், அதோடு சாம்பல்சத்தும் போகிறது. விலையைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், எல்லோராலும் விற்காமல் இருக்க முடியாது.

தண்ணீர் விஷயம்: வயலில் ஓட்டை போட்ட குழாயை நட்டு வைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபிறகு அடுத்த தண்ணீர் கட்டுங்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிட வேண்டாம். இந்தக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் மீத்தேன் பாதிவரைகூடக் குறையும். ஆனால் முறைத் தண்ணீரை நம்பியிருக்கும் கடைமடையில் இது நம் கையில் இல்லை, பம்புசெட் உள்ளவர்களுக்குத்தான் சரிப்படும்.

கேள்வி: உழவே வேண்டாம் என்கிறார்களே, நம் ஊருக்கு ஒத்துவருமா?

டெல்டாவில் காலங்காலமாகச் செய்வதுதானே இது! சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன் நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள், உழவு கிடையாது, மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது விளைந்துவிடும். அறுவடை இயந்திரம் வந்தபிறகு அதன் சக்கரம் முளையை நசுக்குவதால் அதைக் கைவிட்டவர்கள் நிறைய. மானாவாரியில் முழுக்க உழாமல் இருப்பது களையால் கஷ்டம். உழுங்கள், ஆனால் ரோட்டாவேட்டரை வருடத்துக்கு நாலு முறை விட்டு மண்ணை மாவாக்காதீர்கள். மண் கட்டிக்குள் ஒளிந்திருக்கும் கரிமம் வெளியே வந்து எரிந்துபோவது அதனால்தான்.

கேள்வி (விருத்தாசலம்): கரும்புச் சோகையை (காய்ந்த இலையை) கொளுத்தாமல் வேறு வழி உண்டா? எலியும் பாம்பும் வரும் என்று ஆட்கள் உள்ளே இறங்க மறுக்கிறார்கள்.

ஏக்கருக்கு மூன்று டன்னுக்கு மேல் சோகை கிடைக்கும். கொளுத்தினால் கரிமமும் தழைச்சத்தும் காற்றோடு போய்விடும், மிஞ்சுவது சாம்பல். கட்டைக் கரும்பில் (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்பில்) ஒன்று விட்டு ஒரு சாலில் சோகையைப் பரப்புங்கள், காலி சாலில் ஆட்களும் தண்ணீரும் போகட்டும். தூளாக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது, எலி தங்க இடமிருக்காது.

கேள்வி (முதுகுளத்தூர்): சீமைக்கருவேலக் கரியை நிலத்தில் போட்டால் நூறு வருடம் இருக்குமாமே?

இருக்கும். அமேசான் காட்டில் பழங்குடிகள் விட்டுப்போன கரிகலந்த கறுப்பு மண் இன்றும் வளமாக இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது புளிப்பு மண், கரியின் சாம்பல் அதைச் சரிசெய்தது. உங்களுடையது களர்த்தன்மை உள்ள மண் என்றால் அந்த லாபம் கிடையாது. மூட்டம் போட்ட நல்ல கரி சந்தையில் காசு, அதைப் புதைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. மூட்டக் களத்தில் வீணாகக் கிடக்கும் கரித்தூளை அள்ளி, சாணிக் கரைசலில் ஊறவைத்து எருக்குழியில் கலந்துவிடுங்கள். காய்ந்த கரியை நேரடியாகப் போட்டால் கொஞ்ச நாளைக்குப் பயிரின் சத்தையே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: குளத்து வண்டல் அடிக்கலாமா?

செம்மண்ணுக்கும் மணலுக்கும் அதைவிட நல்லது இல்லை, கரிமத்தைப் பிடிக்கும் களி அதில்தான் வருகிறது. தாசில்தாரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் அடித்து, காயவிட்டு, உடைந்தபின் உழுங்கள். கரிசலுக்குத் தேவையில்லை. சாயக்கழிவு, சாக்கடை இறங்கும் குளத்து மண் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்): கார்பன் கிரெடிட் என்று ஒரு கம்பெனிக்காரர் வந்து கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா அம்மா?

ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயுவைக் காற்றில் சேராமல் தடுத்ததற்கோ காற்றிலிருந்து எடுத்ததற்கோ கிடைக்கும், விற்கக்கூடிய சான்று ஐயா. ஒரு டன் கரிமம் மண்ணில் தங்கினால் 3.67 டன் வாயுவுக்குச் சமம். முதல் பதிலில் பார்த்தபடி 600 கிலோவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது வருடம் ஏக்கருக்கு 100 கிலோ தங்கினால் அரைக் கிரெடிட்கூடத் தேறாது. அதிலும் மண் எடுக்க, சரிபார்க்க, கம்பெனி பங்கு என்று எல்லாம் கழியும். ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், நடுவில் நிலத்தை விற்றால் என்ன, பங்கு எத்தனை சதவீதம் என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் அண்ணன் தம்பி எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது இது.

கேள்வி: போன வருடம் 0.48, இந்த வருடம் 0.41. மண் கெட்டுப்போய்விட்டதா?

மண் எடுத்த இடமும் மாதமும் மாறியிருக்கும். ஒரே வயலில் இரண்டு மூலைக்கிடையே இந்த அளவு வித்தியாசம் சாதாரணம். வரப்போரம், மரத்தடி, எருக்குப்பை இருந்த இடம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். நன்றாகக் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். வருடா வருடம் பார்க்க வேண்டாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, அதே வயலில், அதே மாதத்தில், எரு போடுவதற்கு முன்னால், முடிந்தால் அதே கூடத்தில் கொடுங்கள்.